வெள்ளிக் கரண்டியும் வெளியூர் மூக்கும்

ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி, அதாவது என் மகள், எழுதச் சொன்னாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தூது போக மாட்டேன். போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை வரும். கடுதாசி எழுதுங்க, எழுதும்போதாவது யோசிப்பீங்க" என்று சட்டம் போட்டுவிட்டாள். அதனால் எழுதுகிறேன். குளியலகத்தின் தாளில் எழுதுவதால் இதை அலுவலகக் கடிதமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். இரண்டு மாதமாகக் குளிக்க வருகிறவர்கள் தண்ணீரில் வாசமே இல்லை என்கிறார்கள். கந்தக ஊற்று என்றால் அழுகிய முட்டை வாசம் அடிக்க வேண்டும். அதற்காகத்தானே பஸ் பிடித்து வருகிறார்கள்? குளத்தில் இறங்குவார்கள், "ஐயோ நாறுது" என்று சிரிப்பார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள், முழங்கால் வலி குறைந்தது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது இறங்கி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு குடும்பம் பார்வையாளர் பதிவேட்டில் "வெந்நீர் நன்றாக இருந்தது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது. வெந்நீராம்.

நான் அந்த வாசத்தைக் கடைசியாக உணர்ந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. இங்கே வேலை செய்கிற யாருக்கும் தெரியாது. சேர்ந்த முதல் வாரத்தோடு மூக்கு பழகிவிடும். அதனால்தான் குளத்தில் ஒரு வெள்ளிக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது என் வழக்கம். கந்தகம் இருந்தால் அரை மணி நேரத்தில் கறுத்துவிடும். இப்போது அது மதியம் வரை பளபளவென்று தொங்குகிறது.

ஜூலை இருபதாம் தேதி சுற்றுலா இலாகாவிலிருந்து பரிசோதகர் வருகிறார். மூன்று வருடத்துக்கு ஒரு முறை வந்து மோந்து பார்த்து, தண்ணீரைச் சோதித்து, 'இயற்கைக் கந்தக ஊற்று' என்ற பலகையை வைத்துக்கொள்ள அனுமதி தருவார். இல்லாவிட்டால் 'நீச்சல் குளம்' என்று எழுதி வைக்க வேண்டும். டிசம்பரில் எனக்கு ஓய்வு. முப்பத்தொரு வருடம் ஊற்றைப் பார்த்துக்கொண்டவன் நீச்சல் குளக்காரனாகவா வீட்டுக்குப் போவேன்?

நம் குடும்பத்தில் மூக்குக்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்து, மூன்று துண்டில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். மோந்து பார்த்துப் பதில் எழுதவும்.

போன வருடம் நடந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. எலுமிச்சை என்ற சொல்லையே எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
குளியலக மேற்பார்வையாளர்

ஜூன் 9

மாமா அவர்களுக்கு வணக்கம்.

புட்டி வந்து சேர்ந்தது. துண்டுகளைத் துவைத்துத் திருப்பி அனுப்புவதாக உங்கள் மகள் சொல்லச் சொன்னாள்.

எலுமிச்சை என்ற சொல்லை எழுத மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நானே எழுதிவிடுகிறேன், பதினான்கு மாதமாக நெஞ்சில் கிடக்கிறது. உங்கள் உடை மாற்றும் அறைகளில் எங்கள் தொழிற்சாலையின் எலுமிச்சை வாசனையைத் தெளித்தது நான்தான். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. சோப்புக்கு வாசனை பார்ப்பது என் வேலை. மாமனார் வீட்டுக்கு வந்த இடத்தில் என் கையால் ஒரு உதவி செய்வோம் என்று நினைத்தேன். உங்களுக்கு வாசம் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. மூன்று நாள் அந்தக் கட்டடம் முழுக்க எலுமிச்சை மணந்ததும், ஒரு சுற்றுலாக் குழு "சோப்பு கரைத்த தண்ணீரா இது?" என்று பதிவேட்டில் எழுதியதும், அதைப் படித்த பிறகுதான் உங்களுக்கே விஷயம் தெரிந்ததும் என் தப்புதான்.

ஆனால் அதற்காக, மூக்கில் கைக்குட்டை கட்டிக் குளக்கரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, நாற்பது பேர் நடுவில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இவ்வளவு பொத்திக்கிட்டு உட்கார்றவரு எதுக்கு வந்தீங்க? வீட்டுலயே இருந்திருக்கலாமே." நான் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினேன். கைக்குட்டை கட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். வாசமே இல்லை. ஆனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் புட்டியை முக்கால்வாசிதான் நிரப்பியிருந்தீர்கள். அந்த வாசம் தண்ணீரில் கரைந்திருக்கும் வாயு. மேலே கொஞ்சம் காற்று இருந்தால் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், மூடியின் சந்து வழியாகக் கிளம்பிவிடும். புட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, வாய் வரை நிரம்பியதும், தண்ணீருக்குள்ளேயே மூடியை இறுக்க வேண்டும். ஒரு குமிழிகூட உள்ளே இருக்கக் கூடாது. இன்னொரு புட்டி அனுப்புங்கள்.

தங்கள் மருமகன்

ஜூன் 14

மாப்பிள்ளைக்கு,

முக்கால்வாசி நிரப்பியது நான் இல்லை. துண்டுக் கவுண்டரில் இருக்கிற அம்மாவிடம் கொடுத்திருந்தேன். "தபால்ல போறது, வழிஞ்சா என்ன பண்றது" என்று கொஞ்சம் குறைத்துப் பிடித்தாராம். அவருடைய அக்கறை அப்படி.

இந்த முறை நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பிடித்தேன். தண்ணீருக்குள்ளேயே மூடினேன், ஒரு குமிழி இல்லை. இது குளத்துத் தண்ணீர். இதை மோந்துவிட்டு வாசம் இல்லை என்று எழுத முடிகிறதா பார்ப்போம்.

உங்கள் கடிதத்தின் நடுப்பகுதியை இரண்டு முறை படித்தேன். நாற்பது பேர் இல்லை, முப்பத்தெட்டு பேர். மற்றபடி நீங்கள் எழுதியது சரி.

முதலையும் வாசம் குறைந்துவிட்டது என்கிறார். முதலையை உங்களுக்கு நினைவிருக்கும். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர், தினமும் காலை வந்து கண் மட்டும் வெளியே தெரிய ஒரு மணி நேரம் கிடப்பாரே, அவர்தான். "உங்களுக்கும்தான் மூக்கு பழகிப்போச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். முன்பெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி முகத்தைச் சுளித்து வாசலிலேயே நிறுத்துவாராம், இப்போது நேராக உள்ளே விடுகிறாராம். அதில் அவருக்கு வருத்தம் வேறு.

பரிசோதகருக்கு இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
மேற்பார்வையாளர்

ஜூன் 20

மாமா அவர்களுக்கு,

உங்கள் புட்டி எங்கள் குடியிருப்பைக் காலி செய்துவிட்டது.

நான் வேலைக்குப் போயிருந்தேன். உங்கள் மகள் பார்சலைப் பிரித்து, சமையலறையில் வைத்து மூடியைத் திறந்திருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் கீழ் வீட்டு வக்கீல் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். சாக்கடை அடைத்துக்கொண்டது என்பது அவர் கட்சி. எதிர் வீட்டம்மா எரிவாயு கசிகிறது என்று முடிவு கட்டி, மூன்று மாடிக்காரர்களையும் தெருவுக்கு இறக்கிவிட்டார். எரிவாயு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் பெட்டியோடு வந்து, ஒவ்வொரு வீடாகத் தேடி, கடைசியில் எங்கள் சமையலறை மேடையில் இருந்த புட்டியைக் கண்டுபிடித்தார்களாம். "என்னம்மா இது?" என்று கேட்டதற்கு, "எங்க அப்பா அனுப்பிச்சாரு" என்றாளாம். அவர்கள் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம்.

நான் வந்தபோது தெருவே எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் உள்ளே தரையில் உட்கார்ந்து, புட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வாசம் இது" என்றாள். அதன் பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. மாமா, எனக்கு அது வரை அது நாற்றம்தான். அன்றைக்குத்தான் அவள் அதை மோந்து வளர்ந்தவள் என்று புத்தியில் பட்டது.

இப்போது என் கேள்வி. நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது குளத்துத் தண்ணீரா? குளத்தில் இவ்வளவு இருந்தால் யாரும் வெந்நீர் என்று எழுதியிருக்க மாட்டார்கள். மலையடிவாரத்தில் இரும்புக் கதவு போட்ட அறையில், ஊற்றுக்கண்ணிலேயே பிடித்தீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். உங்கள் வெள்ளிக் கரண்டி என் மூக்கைவிட நேர்மையானது. அதைப் பளிச்சென்று துலக்கி, மூன்று இடத்தில் தொங்கவிடுங்கள். முதலில் ஊற்றுக்கண், அடுத்து அங்கிருந்து வருகிற குழாயின் முனை, கடைசியில் குளம். எந்த இடத்தில் எவ்வளவு நேரத்தில் கறுக்கிறது என்று குறித்து அனுப்புங்கள். எங்கே தாமதமாகிறதோ அங்கேதான் கோளாறு.

தங்கள் மருமகன்

பி.கு: மூக்கு இரண்டு நாள் வேலை செய்யவில்லை. ஜலதோஷம் என்று விடுப்பு சொன்னேன்.

ஜூன் 25

மாப்பிள்ளைக்கு,

ஊற்றுக்கண்ணில்தான் பிடித்தேன். ஒப்புக்கொள்கிறேன். 'வாசம் இல்லை' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு என்னமோ என்னையே சொன்ன மாதிரி இருந்தது. ஒரு வேகத்தில் செய்துவிட்டேன். வக்கீலிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கவும்.

மகள் சிரித்ததை எழுதியதற்கு நன்றி. அந்தப் பத்தியைத் துண்டுக் கவுண்டர் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படிக்கவில்லை.

கரண்டி விவரம்: ஊற்றுக்கண்ணில் பத்து நிமிடத்தில் கரி போல ஆகிவிட்டது. குழாய் முனையில் பன்னிரண்டு நிமிடம். குளத்தில் காலை எட்டுக்குக் கட்டினேன், பன்னிரண்டு மணிக்கு லேசாக மஞ்சள் பூத்திருந்தது. நான்கு மணி நேரமும் முதலை அதன் பக்கத்திலேயே காவல் கிடந்தார். கை விரல்கள் சுருங்கி, எழுந்து போகும்போது, "பார்த்துக்கிட்டே இருந்தேன் சார், கறுக்க மாட்டேங்குது" என்று பரிதாபமாகச் சொன்னார்.

ஆக ஊற்று நன்றாக இருக்கிறது. அந்த மட்டில் எனக்கு உயிர் வந்தது. பலகை போனாலும் போகட்டும், ஊற்று செத்துவிடவில்லை என்று அன்று நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் குளத்தில் ஏன் இல்லை என்பது புரியவில்லை. குழாய் முனைக்கும் குளத்துக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது, ஏதோ சின்ன அலங்கார வேலையைத் தவிர.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

ஜூன் 30

மாமா,

என்ன அலங்கார வேலை?

நான் வந்தபோது குழாய் முனைக்கும் குளத்துக்கும் நடுவில் ஐந்தடிதான் இருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் குளத்துக்கு அடியில் போய்ச் சேரும். அந்த ஐந்தடியில் இப்போது என்ன இருக்கிறது? தண்ணீர் எங்காவது மேலிருந்து விழுகிறதா? படிப்படியாக வழிகிறதா? பூவாகத் தெறிக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த வாயுவைத் தண்ணீரிலிருந்து விரட்ட மருந்தே வேண்டாம், தண்ணீரைக் கல்லில் விழ வைத்தால் போதும். விழுந்து உடையும்போது காற்று படும், வாயு பறந்துவிடும். மூன்று நான்கு படி இறங்கினாலே பாதி போய்விடும். வாசனைத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும்.

அப்படி ஏதாவது கட்டியிருந்தால், கோளாறு கண்டுபிடித்தாகிவிட்டது. யார் கொடுத்த யோசனையோ தெரியவில்லை. கந்தக ஊற்றில் கொண்டுபோய் அருவி வைக்கச் சொன்ன அந்த மேதாவி பக்கத்தில் இருந்தால் என் சார்பில் காதைத் திருகிவிடுங்கள்.

இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மருமகன்

ஜூலை 4

மாப்பிள்ளை,

காதைத் திருகச் சொன்னீர்கள். கை எட்டவில்லை. அந்த மேதாவி இருக்கிற ஊருக்கு இங்கிருந்து எட்டு மணி நேரம் பஸ்.

போன வருடம் நீங்கள் வந்த முதல் நாள், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம், நினைவிருக்கிறதா? சண்டைக்கு இரண்டு நாள் முன்னால். குளத்தின் முகப்பு மொட்டையாக இருக்கிறது, படம் எடுக்க அழகாக ஒன்றும் இல்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன். நீங்கள் ஒரு நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஏழு படி வரைந்தீர்கள். "மாமா, தண்ணி இப்படிப் படிப்படியா இறங்கி வந்தா பார்க்கவும் நல்லா இருக்கும், நாத்தமும் குறைஞ்சிடும்" என்றீர்கள். சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கோபித்துக்கொண்டு போன பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்தச் சீட்டு என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. மார்ச்சில் வருடாந்திரச் சுத்தத்துக்காகக் குளத்தை ஒரு வாரம் மூடுவோம் அல்லவா, அந்த வாரத்தில் மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டி அப்படியே கட்டச் சொன்னேன். ஏழு படி, கருங்கல். நீங்கள் வரைந்தபோது நான்காவது படி கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. மேஸ்திரி அதையும் விடவில்லை, கோணலாகவே கட்டியிருக்கிறார்.

ஏன் கட்டினேன் என்று கேட்பீர்கள். படம் எடுக்க என்று இலாகாவுக்கு எழுதினேன். துண்டுக் கவுண்டர் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். உண்மை அது இல்லை. நாற்றம் குறைந்தால் அடுத்த முறை நீங்கள் கைக்குட்டை இல்லாமல் என் பக்கத்தில் உட்காருவீர்கள் என்று நினைத்தேன். அதற்காகத்தான் கட்டினேன். உங்களுக்காக நாற்றத்தைக் குறைக்கப் போய், ஊற்றையே வெந்நீர் ஆக்கிவிட்டேன். உங்கள் முதல் பதிலில் வாயு கிளம்பிவிடும் என்று படித்ததுமே எனக்கு இந்தப் படிகள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் படியைப் பற்றி எழுதப் பேனா வரவில்லை. எழுதினால் எதற்குக் கட்டினேன் என்றும் எழுத வேண்டும்.

திங்கட்கிழமை இடிக்க மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும்தான்.

அன்று அத்தனை பேர் நடுவில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தனியாகக் கேட்டிருந்தாலும் தப்புத்தான்.

மாமா

ஜூலை 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மகள்தான் முதலில் படித்தாள். "சீட்டை வெச்சிருந்தாராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தாள். நான் என் காதை நானே திருகிக்கொண்டேன். அவளும் ஒரு முறை திருகினாள்.

படியை இடிக்காதீர்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் மேஸ்திரி கடப்பாரையைத் தூக்கிவிடக் கூடாது என்பதால், மகளிடம் ஒரே ஒரு முறை சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி, "நிறுத்துங்க" என்று மட்டும் போனில் சொல்ல வைத்திருக்கிறேன். ஏன் என்று இங்கே எழுதுகிறேன். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி மூடிக் கிடக்கிறதே, குழந்தைகளுக்கு என்று கட்டி, குழந்தைகள் நாற்றம் தாங்காமல் அழுது ஓடியதால் விட்டுவிட்டீர்களே, அது. குழாயில் ஒரு கிளை எடுத்துப் படிகள் வழியாக அந்தத் தொட்டிக்கு விடுங்கள். பெரிய குளத்துக்குப் பழையபடி அடி வழியாக நேராகப் போகட்டும். நாற வேண்டியது நாறும், வழிய வேண்டியது வழியும். மேஸ்திரிக்கு மூன்று நாள் வேலை.

கைக்குட்டைக்குக் காரணம் கேட்காமலே நீங்கள் படி கட்டிவிட்டீர்கள். இப்போதாவது சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை எங்களுக்கு மூக்குச் சோதனை உண்டு. முப்பது சீசா வைப்பார்கள், இருபத்தெட்டையாவது சரியாகச் சொன்னால்தான் வேலை நீடிக்கும். போன வருடம் அந்தச் சோதனை நான் ஊர் திரும்பிய மறு நாள் இருந்தது. உங்கள் தண்ணீரை மோந்தால் என் மூக்கு இரண்டு நாள் எழுந்திருக்காது. அருவருப்பால் கட்டவில்லை மாமா, பயத்தால் கட்டினேன். மாமனார் முன்னால் வேலைக்குப் பயந்தவன் என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அதைவிட, நாற்றம் பிடிக்காத துரை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாம் தேதி காலை வருகிறேன். இந்த வருடச் சோதனை முடிந்துவிட்டது. பரிசோதகருக்கு முந்தின நாள் ஒரு வெளியூர் மூக்கு உங்களுக்கு வேண்டும். உங்கள் மகள் வர மாட்டாளாம். "நான் வந்தா நீங்க ரெண்டு பேரும் என்கிட்டதான் பேசுவீங்க" என்கிறாள்.

உங்கள் மாப்பிள்ளை

ஜூலை 21

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்றுக் காலை பரிசோதகர் வருவதற்குள் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. பஸ்ஸில் எனக்கு இரண்டு இருக்கை. பக்கத்தில் உட்கார்ந்தவர் ஐந்தே நிமிடத்தில் எழுந்து போய், ஓட்டுநருக்குப் பின்னால் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வந்தார்.

இன்று தொழிற்சாலைக்குப் போனேன். வாசனை அறைக்கு இருபதடி முன்னாலேயே மேலாளர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். சனிக்கிழமை வரை பெட்டி கட்டும் பிரிவில் வேலை. அங்கேயும் ஜன்னல் ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகள் சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். துவைக்கப் போகிறாள் என்று நினைத்தேன், நாற்காலியில் போட்டு வைத்திருக்கிறாள்.

பத்தொன்பதாம் தேதி குளியலகத்தின் கதவைத் திறந்ததும் முதல் மூச்சிலேயே என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கந்தகத்தால் வந்தது என்று துண்டுக் கவுண்டர் அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அதன் பிறகு ஒரு மணி நேரம் குளத்தில் உங்களுக்கும் முதலைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேனே, நாம் என்ன பேசினோம் என்று இவள் துருவித் துருவிக் கேட்கிறாள். யோசித்துப் பார்த்தால், கருங்கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. அவளுக்கு ஏமாற்றம். எனக்கு அது போதுமாக இருந்தது.

பரிசோதகர் என்ன சொன்னார்? இவள் போனில் கேட்டதற்கு நீங்கள் சொல்ல மறுத்துவிட்டீர்களாமே. எங்கள் இருவருக்கும் தலை வெடித்துவிடும் போல இருக்கிறது. உடனே எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

பி.கு: என் கைக்குட்டையைக் காணவில்லை. அங்கே எங்காவது விழுந்து கிடக்கிறதா பாருங்கள்.

ஜூலை 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னேன். கடிதத்தில்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டவள் அவள்தானே, நான்கு நாள் காத்திருக்கட்டும்.

பரிசோதகர் பத்து மணிக்கு வந்தார். சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சோதனைப் பெட்டி. வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்தார், முகம் ஒரு பக்கமாகக் கோணியது. எனக்கு அந்த முகத்தைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. குளத்துத் தண்ணீரை எடுக்கக் குனிந்தவர், விரலில் வெள்ளி மோதிரம் இருப்பதை மறந்துவிட்டார். கழற்றச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறோம், நானும் சொல்லியிருப்பேன், ஆனால் அன்றைக்கு என் வாய் திறக்கவில்லை. நான்கு புட்டி பிடித்து, படிவம் நிரப்பி முடிப்பதற்குள் மோதிரம் கறுத்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், விரலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு மேல என்ன சோதனை" என்று சிரித்தார். முத்திரை குத்திவிட்டார். பலகை இன்னும் மூன்று வருடத்துக்கு இருக்கும். மோதிரத்தைத் துண்டுக் கவுண்டர் அம்மா துலக்கிக் கொடுத்தார். டிசம்பரில் நான் ஊற்றுக்காரனாகவே வீட்டுக்குப் போகிறேன், மாப்பிள்ளை.

போகிற போக்கில் பரிசோதகர் அந்தச் சின்னத் தொட்டியைப் பார்த்து, "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டார். பேர் ஒன்றும் வைக்கவில்லை. நான் யோசிப்பதற்குள் முதலை தண்ணீரிலிருந்து வாயை வெளியே எடுத்து, "மாப்பிள்ளைத் தொட்டி" என்றார். அவரும் படிவத்தில் அப்படியே எழுதிவிட்டார். இனி மாற்ற முடியாது, அரசாங்கப் பதிவு. வாசம் தாங்காதவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அங்கே வரிசை கட்டுகிறார்கள். கோணல் படியில் கையை ஊன்றிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். யார் அந்த மாப்பிள்ளை என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் என் மாப்பிள்ளைதான், ஆனால் அவர் அதில் இறங்கினதே இல்லை, பெரிய குளத்தில்தான் உட்காருவார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கைக்குட்டை கிடைத்துவிட்டது. உடை மாற்றும் அறையில், நீங்கள் சட்டை மாட்டியிருந்த கொக்கிக்குக் கீழே கிடந்தது. நீலக் கரை போட்டது. மகள் இஸ்திரி போட்டு நான்காக மடித்துக் கொடுத்திருப்பாள் போல. எடுத்துப் பார்த்தேன், மடிப்புக் கலையவே இல்லை.

அதைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில், சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

உங்கள் மாமா